பயோமானிட்டரிங், பயோ இண்டிகேட்டர்: 'சுட்டுயிரி' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். நீரில் வாழும் உயிரிகளை வைத்து அந்த நீரின் தரத்தை அறிவதுதான் பயோமானிட்டரிங். அது தொடர்பான தமிழ்ச்சொற்கள் பற்றி நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

அக்கா 'பயோமானிட்டரிங்' என்பதற்கு 'உயிரிக் கண்காணிப்பு' என்று எழுதியிருந்தார்கள். சுருக்கமான சொல்தான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை. காட்டில் கேமரா கட்டிப் புலியைப் பார்ப்பது போல, உயிரியைத்தான் கண்காணிக்கிறோம் என்று படுகிறது. இங்கே பார்ப்பது தண்ணீரை. 'உயிரிவழி நீர்மதிப்பீடு' நீளமாக இருந்தாலும் எதை மதிப்பிடுகிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அப்புறம் 'பயோ இண்டிகேட்டர்', அதாவது நீரின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் உயிரி. ஐயா சொன்ன 'காட்டுயிரி' கேட்க அழகு. ஆனால் வைல்ட்லைஃபுக்குக் 'காட்டுயிர்' என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். கடைசி எழுத்துதான் வேறு. 'உயிர்ச்சுட்டி' என்றால், சுட்டி என்ற சொல் மவுஸ் என்று கணினிப் பக்கம் போய்விட்டது. 'சுட்டுயிரி' என்பதே என் தேர்வு. நெருப்பில் சுட்ட உயிரி என்று ஆகிவிடாதா என்று ஐயா கேட்டார். சுட்டுவிரல் என்கிறோமே ஐயா, அங்கே யாருக்குச் சூடு நினைவு வருகிறது?

போன மாதம் பிள்ளைகளோடு பஞ்சப்பள்ளிக்குக் கீழே சின்னாற்றில் இறங்கினேன். ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் விரல்நகம் அளவுக்குத் தட்டையாக ஒரு பூச்சி. மூன்று வால். வயிற்றின் இரு பக்கமும் செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் அது, மாசைத் தாங்காது. சாக்கடை வந்து சேரும் இடத்துக்குக் கீழே சேற்றை அள்ளினோம். சிவப்பு நூல் நூலாக ரத்தப்புழு மட்டும்தான். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதைப் பிழைக்க வைக்கிறது.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது கண்ணுக்கே தெரிந்துவிடும். தெளிவாகத் தெரியும் தண்ணீருக்குத்தான் சுட்டுயிரி வேண்டும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் பிடித்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். இரவில் கழிவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் அது ஓடிப்போயிருந்தால் சோதனையில் சிக்காது. வாரக்கணக்கில் அதே கல்லடியில் வாழும் பூச்சி அந்த இரவையும் அனுபவித்திருக்கும்.

கிடைக்கும் உயிரிகளைப் பார்த்து நீருக்குப் போடும் ஸ்கோர் என்பதற்கு 'சுட்டெண்' என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அது இண்டெக்ஸுக்கு இருக்கட்டும். பிரிட்டனில் உருவான பிஎம்டபிள்யூபி என்ற மதிப்பீட்டு முறையில், மாசைத் தாங்காத உயிரிக்கு அதிகம், தாங்குவதற்குக் குறைவு என்ற கணக்கில், தட்டை மேஃபிளை குடும்பத்துக்கு 10, ரத்தப்புழுக் குடும்பத்துக்கு 2, நீரில் வாழும் மண்புழு வகைக்கு 1 என்று கொடுத்துக் கூட்டுகிறார்கள். ஆற்றங்கரையில் இதைச் சொன்னதுமே ஒரு பையன், "அப்ப புழுவுக்கு ஒரே ஒரு மார்க்கா சார்?" என்றான். 'மதிப்பெண்' என்றே விட்டுவிடலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து