லயத்துக் குப்பையை விட்டுவிட்டு எங்கள் சபையை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி – மலைச்சாரல்

வணக்கம். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். சுற்றாடல் விஷயத்தில் எங்கள் சபை எப்படிச் செய்கிறது என்று பக்கத்து நகர சபையோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லைக்குள் இருக்கும் தேயிலை பெக்டரிகளையும் சேர்க்க வேண்டுமாம்.

சேகரித்த குப்பையைச் சனத்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை கிலோ என்று வரும். அதில் நாங்கள்தான் மிகக் குறைவு, அதாவது முதலிடம். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ட்ரக்டர் பஜாருக்கும் மெயின் ரோட்டு வீடுகளுக்கும் மட்டுமே போகிறது. வகுக்கும்போது மட்டும் தோட்டத்துச் சனம் முழுவதையும் சேர்த்துக்கொள்கிறோம். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானில் பொலித்தீனும் யோகட் கோப்பையும் அடைத்துக் கிடக்கின்றன. மழை அடித்தால் எல்லாம் ஆற்றுக்குத்தான். அந்தக் குப்பை எந்தக் கணக்கிலும் இல்லை. இதை அப்படியே எழுதிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. யாராவது இப்படி ஒப்பிட்டிருக்கிறீர்களா?

பதில் 1 – பழைய எழுதுவினைஞர்

தங்கச்சி, இந்த ஓட்டை இன்று நேற்று வந்ததல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவழிக்க விடாமல் கையைக் கட்டியிருந்தது. 2018இல்தான் திருத்தினார்கள். அம்பகமுவவிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் நுவரெலியாவிலிருந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் பிரிந்ததும் அந்தக் காலத்தில்தான். சட்டம் மாறிவிட்டது, ட்ரக்டர் போகும் பாதை மாறவில்லை.

தலைக்கு எத்தனை கிலோ என்பதை முதல் வரியில் வைக்காதே. "மொத்தக் குடும்பங்களில் எத்தனை வீதத்துக்குச் சேவை போகிறது" என்பது முதலில் வரட்டும். நகர சபைக்கு எல்லை சிறியது, வீடுகள் நெருக்கம். அதனால் அவர்கள் மேலே போவார்கள், நீங்கள் கீழே இறங்குவீர்கள். இறங்கட்டும். அந்த இலக்கத்தைக் காட்டித்தான் அடுத்த பட்ஜெட்டில் இன்னொரு ட்ரக்டர் கேட்க முடியும். கிலோ கணக்கை வேண்டுமானால் சேவை பெறும் வீடுகளால் மட்டும் வகுத்துப் போடு.

வண்டியோடு சேர்த்து நிறுக்கும் நிறுவை பாலம் இல்லாமல் "லோட்" கணக்கில் எழுதினால் அதையும் சொல்லிவிடு. நனைந்த குப்பையின் பாரம் வேறு, காய்ந்ததன் பாரம் வேறு. நகர சபை இலக்கம் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேள்.

பதில் 2 – ஹட்டன் டீமேக்கர்

பெக்டரி பக்கம் நான் சொல்கிறேன். மொத்தக் கரண்ட் பில்லை ஒப்பிட வேண்டாம், பெரிய பெக்டரிக்குப் பெரிய பில்தான் வரும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு எத்தனை அலகு மின்சாரம், எத்தனை கிலோ விறகு, எத்தனை லீட்டர் தண்ணீர் என்று கேளுங்கள். பச்சைக் கொழுந்துக்கு ஒருவர், தூளுக்கு இன்னொருவர் என்று கணக்குத் தந்தால் எல்லாம் குழம்பும். ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ கொழுந்து போகிறது.

மாதமும் முக்கியம். ஜூலையில் எங்கள் பக்கம் தென்மேல் பருவ மழை. மடுவத்தில் நிறுக்கும்போதே கொழுந்துச் சாக்கிலிருந்து தண்ணீர் வடியும். அதை வாட்ட இரவு முழுக்க விசிறி ஓட வேண்டும், சூடான காற்றும் கொடுக்க வேண்டும், விறகு அள்ளிக்கொண்டு போகும். அதே ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். ஒரே மாதத்தை வைத்து இரண்டு பெக்டரியையும் ஒப்பிட்டால் வானிலையைத்தான் ஒப்பிட்டவர்களாவோம். முழு வருடத்துக்கு எடுங்கள், இல்லையென்றால் அதே பெக்டரியின் போன வருட அதே மாதத்தோடு வையுங்கள்.

கம்பனிகள் ஜிஆர்ஐ (GRI) என்ற சர்வதேச நிலைபேறு அறிக்கை முறையில் வெளியிடும் அறிக்கையில் பெரும்பாலும் கம்பனி முழுதுக்குமான தொகைதான் இருக்கும். உங்கள் எல்லைக்குள் இருக்கும் தோட்டத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். லயத்துக் குப்பை அவர்கள் கணக்கில் இருக்கிறதா என்றும் சேர்த்தே கேளுங்கள். அநேகமாகச் சபையின் வேலை என்பார்கள்.

மலைச்சாரல்

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. சேவை போகும் வீதத்தை முதல் நிரலில் போடுகிறேன். லயக் குப்பைக்கு இலக்கமே இல்லாததால், தோட்டத் தலைவர்மாரிடம் பேசி ஒரு லயத்தில் ஒரு வாரக் குப்பையைச் சாக்கில் கட்டி வைக்கச் சொல்லித் தராசில் நிறுக்கப் போகிறேன். மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில் காலத்தில் ஒரு முறை. வேறு சபைகளில் வேலை செய்பவர்களும் அப்படி ஒரு லயத்தில் நிறுத்துத் தந்தால் ஒரே படிவத்தில் போடலாம். படிவத்தை நாளைக்கு இங்கே பதிகிறேன்.