கடிகாரங்களுக்கான ஸ்பானியச் சொற்கள்

கேள்வி (கன்னியாகுமரி): கடற்கரைக்கு அருகில் கைக்கடிகாரக் கடை நடத்தும் எனக்கு, ஸ்பானிய மொழி பேசும் பயணிகளிடம் உரையாடும் அளவுக்குச் சொற்கள் தேவைப்படுகின்றன. சுவர்க்கடிகாரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டா?

பதில் (தக்கலை): இல்லை ஐயா. ‘ரெலோஹ்’ என்பதே இரண்டுக்கும் பொது. வேறுபடுத்த வேண்டுமானால் கையில் கட்டுவதை ‘ரெலோஹ் தெ புல்சேரா’ என்றும், சுவரில் மாட்டுவதை ‘ரெலோஹ் தெ பாரெத்’ என்றும் சொல்வார்கள். அலாரக் கடிகாரத்துக்கு மட்டும் ‘தெஸ்பெர்த்தாதோர்’ என்ற தனிச்சொல் இருக்கிறது. உங்கள் கடைக்கு வாரைக் குறிக்கும் ‘கொர்ரேஆ’வும் பேட்டரியைக் குறிக்கும் ‘பீலா’வுமே முதலில் உதவும் என்பது என் கருத்து.

பதில் (குளச்சல்): முட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மணிமுள் ‘ஓராரியோ’, நிமிடமுள் ‘மினுத்தேரோ’, வினாடிமுள் ‘செகுந்தேரோ’. நாகர்கோவில் மணிமேடையைக் கடக்கும்போதெல்லாம் மணியை ஸ்பானியத்தில் சொல்லிப் பழகலாம். ஒரு மணிக்கு ஒருமையில் ‘எஸ் லா ஊனா’, மூன்று மணிக்குப் பன்மையில் ‘சொன் லாஸ் த்ரெஸ்’.

கேட்டவர்: இரண்டேமுக்காலை எப்படிச் சொல்வது?

பதில் (குளச்சல்): ஸ்பெயினில், மூன்றிலிருந்து கால் மணியைக் கழித்து, ‘லாஸ் த்ரெஸ் மேனோஸ் குவார்த்தோ’ என்பார்கள்; மெக்சிகோவில் ‘உன் குவார்த்தோ பாரா லாஸ் த்ரெஸ்’ என்று சொல்வதே வழக்கம்.