மூணே முக்கால் பாகம்

மண்டபத்திலிருந்து:

எங்கள் பள்ளியில் கூடைப்பந்து வளையம் இருந்தது, வலை கிடையாது. கடையில் வாங்கிக் கட்டினால் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது. வளையமே துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். வலை இல்லாவிட்டால் பந்து உள்ளே போனதா, உரசிக்கொண்டு வெளியே போனதா என்று தினமும் சண்டை.

2015 மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து படகு போகக்கூடாது என்பதால் சித்தப்பா வீட்டில் இருந்தார். "வளையத்துல எத்தனை கொக்கிம்மா?" என்றார். பன்னிரண்டு என்றேன். பழைய நைலான் கயிறு, வலை ஊசி, ஒரு மதியம். மேலே பெரிய கண்ணி, கீழே வர வரச் சின்னக் கண்ணி. பந்து அதற்குள் ஒரு நொடி திணறிவிட்டுச் சொத்தென்று விழும். அந்தச் சத்தத்துக்காகவே கூட ரெண்டு மணி நேரம் ஆடுவோம்.

அப்புறம் மூன்று புள்ளிக் கோடு. அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. 6.75 மீட்டர் என்று சார் சொன்னார், அளக்க டேப் இல்லை. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; சித்தப்பா கயிற்றை அப்படிக் கையில் விரித்து விரித்து அளந்து, "மூணே முக்கால் பாகம்னு வச்சுக்க" என்றார். வளையத்துக்கு நேர் கீழே ஆணி அடித்து, கயிற்றைக் கட்டி இழுத்து, சுண்ணாம்புப் பொடியில் அரைவட்டம் போட்டோம். ஓரத்தில் அந்த வளைவு நேர்கோடாக மாற வேண்டும் என்பதே மதுரைக்கு அணித் தேர்வுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

மதுரையில் மானம் போனது வேறு கதை. இங்கே கச்சான் காற்றுக்குத் தோதாகப் பந்தை ஒரு சாண் தள்ளிக் குறிவைத்துப் பழகிவிட்டோம். அங்கே மூடிய அரங்கம், காற்றே இல்லை. போட்டதெல்லாம் ஒரு சாண் தள்ளியே போனது! போதாக்குறைக்கு, பள்ளியில் எங்களுக்குக் கொடுத்தது பையன்களின் ஏழாம் எண் பந்து. பெண்களுக்கு ஆறாம் எண், சுற்றளவும் எடையும் குறைவு. பழகிய வேகத்தில் எறிந்தால் பலகைக்கு மேலே பறக்கிறது. ஒருத்தியும் தேர்வாகவில்லை.

கீழக்கரையிலிருந்து:

அக்கா, உங்களுக்குப் பந்து, எனக்கு முக்காடு. ஒரு போட்டியில் அதைக் கழற்றினால்தான் இறங்கலாம் என்றார் நடுவர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அன்றைய விதி அப்படி. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணியே இதனால் ஆடாமல் திரும்பியது. நானும் திரும்பி வந்தேன். உம்மா ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டார்கள்.

2017 மே மாதம் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா அந்த விதியை மாற்றியது, அக்டோபரிலிருந்து நடைமுறை. அதே ஆண்டு ஜூலையில் பெங்களூரில் பெண்கள் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதிப் போட்டி. கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று வென்றது. அந்த அணியில் நம் சென்னை அனிதா பால்துரையும் இருந்தார். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நான் திரும்பி வர விதி மாறியது மட்டும் போதவில்லை, வாப்பாவைச் சம்மதிக்க வைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. இப்போது முக்காட்டோடு தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

தொண்டியிலிருந்து:

ஆடியதில்லை, பார்க்கிறவன் மட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி பார்த்தீர்களா? கடைசி நொடியில் பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் தூரத்திலிருந்து போட்டது உள்ளே போனது. மூன்று புள்ளி என்றால் ஆட்டம் சமன், கூடுதல் நேரம். கால் கோட்டில் பட்டிருந்ததால் இரண்டுதான். 67-66, அமெரிக்காவுக்குத் தொடர்ந்து எட்டாவது தங்கம். உங்கள் சித்தப்பா கோடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

மண்டபத்திலிருந்து:

அந்தக் காட்சியைச் சித்தப்பாவுக்கும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை பார்த்தார். "கால் கோட்டுலதான் இருக்கு. ஆனா கோட்டைக் கயிறு வச்சு அளந்தாங்களான்னு கேளு" என்றார்.