ஃப்ரீரென் பாத்து முடிச்சாச்சு, அந்த எக்ஸாம் பகுதி எனக்கு மட்டும்தான் ஒட்டலையா? (ஸ்பாய்லர் இருக்கு)

அரைத்தூக்கம்:
மக்களே, ஃப்ரீரென் அனிமே முதல் சீசன் 28 எபிசோடும் ஒருவழியா முடிச்சேன். ஆளாளுக்கு மாஸ்டர்பீஸ் மாஸ்டர்பீஸ்னு கூவுனதுலயே கடுப்பாகி ரொம்ப நாள் தொடாம வச்சிருந்தேன், ஆனா முதல் எபிசோடுலயே ஆளை சாய்ச்சிருச்சு. மத்த சீரிஸ்ல டீமன் கிங்கை கொல்றதுதான் கிளைமாக்ஸ், இதுல அதெல்லாம் முடிச்சுட்டு நாலு பேரும் ஊருக்கு திரும்புற இடத்துலதான் கதையே ஆரம்பிக்குது. அப்புறம் அம்பது வருஷம் சட்டுனு ஓடிப்போயி அந்த நாலு பேர்ல ஹீரோவான ஹிம்மெல் கிழவனாகி செத்தே போயிடுறான், ஆயிரம் வருஷத்துக்கு மேல வாழ்ந்த எல்ஃப் இனத்து மந்திரவாதி ஃப்ரீரெனுக்கு அவன்கூட சுத்துன பத்து வருஷம் ஒரு கணக்கே இல்ல, சாவுக்கு வந்த ஜனம் கூட இவ முகத்துல ஒரு வருத்தமும் காணோமேன்னு முணுமுணுக்குது. அப்புறம் பொலபொலன்னு அழுறா பாருங்க, மனுஷனுக்கு ஆயுசு கம்மின்னு தெரிஞ்சும் இவனைப் பத்தி தெரிஞ்சுக்க ஏன் தோணாம போச்சுன்னு. அங்க நான் காலி.

எனக்கு பிடிச்சதெல்லாம் இந்த மாதிரி சின்ன சின்ன விஷயம்தான். ஒவ்வொரு ஊருக்குள்ள நுழையும்போதும் 'ஹிம்மெல் இறந்து இத்தனை வருஷம் கழிச்சு'ன்னு போடுறது, போற இடமெல்லாம் அவன் சிலை, அதுவும் பிற்காலத்துல ஃப்ரீரென் தனியா நிக்கக்கூடாதுன்னுதான் வச்சேன்னு அவனே சொல்றது. ஆனா 18வது எபிசோடுல இருந்து முதல்நிலை மந்திரவாதி எக்ஸாம்னு ஒண்ணு ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அதுவேதான் ஓடுது. புதுசா ஒரு கூட்டமே உள்ள வருது, மூணு மூணு பேரா பிரிச்சு குருவி பிடிக்க விடுறாங்க, டன்ஜன், குளோன்னு சண்டை, எனக்கென்னமோ பாத்துட்டிருந்த சீரிஸை யாரோ நைசா மாத்திவிட்ட மாதிரி ஆயிடுச்சு. சண்டை மோசம்னு சொல்லல, ஆனா அந்த அமைதி எங்க போச்சு? உங்க யாருக்காச்சும் இப்படி தோணுச்சா? அப்புறம் இதே டோன்ல அடுத்து என்ன பாக்கலாம்னும் சொல்லுங்க.

மிமிக்_பொட்டி:
ப்ரோ அந்த எக்ஸாம்ல டென்கென்னு ஒரு தாத்தா வர்றாரே அவரை கவனிச்சீங்களா இல்ல ஸ்கிப் பண்ணிட்டீங்களா. மீசை வச்ச பெரிய மனுஷன், அரசவை மந்திரவாதி, அந்த வயசுல இந்த சர்டிஃபிகேட் அவருக்கு எதுக்கு? வடக்க இருக்குற சொந்த ஊருக்கு போகணும், பொண்டாட்டி கல்லறையை பாக்கணும், அந்த பக்கம் போறதுக்கு முதல்நிலை மந்திரவாதி ஆகணும். அவ்ளோதான். நீங்க முதல் எபிசோடுல அழுத அதே மேட்டர்தான் அங்கயும் ஓடிட்டு இருக்கு, சுத்தி அடிதடி நடக்குறதால கண்ணுல படல. அதுவும் மானா, அதாவது மந்திர சக்தி, தீந்துபோனதும் மந்திரமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் வாங்க கையாலயே போட்டுத்தள்ளலாம்னு கிளம்புவாரு பாருங்க, நான் அங்க விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அடுத்து ஸெரியே. உலகத்துல இருக்குற கிட்டத்தட்ட எல்லா மந்திரமும் தெரிஞ்சு வச்சிருக்குற எல்ஃப் அம்மா. உனக்கு பிடிச்ச மந்திரம் எதுன்னு கேக்குறா, ஃப்ரீரென் பூத்தோட்டம் வரவழைக்குற மந்திரம்னு சொல்றா, கேட்டதும் அவளுக்கு பத்திக்கிட்டு வருது, ஃபெயில். அந்த மந்திரம் யார் கிட்ட இருந்து வந்துச்சு, ஃப்ரீரெனோட குரு ஃப்ளாம்மே கிட்ட இருந்து. ஃப்ளாம்மே யாரு, ஸெரியேவோட சொந்த சிஷ்யை, செத்து ஆயிரம் வருஷம் ஆச்சு. அப்படிப்பட்டவ கடைசி எபிசோடுல என்ன சொல்றா, சிஷ்யனா எடுத்த எவனையும் மறக்கல, ஒவ்வொருத்தன் குணமும் அவனுக்கு பிடிச்ச மந்திரமும் இன்னும் ஞாபகம் இருக்குன்னு. எனக்கு ஹிம்மெல் சாவை விட இது பலமா அடிச்சுது, ஏன்னா ஃப்ரீரென் லேட்டா கத்துக்கிட்டதை இவ பாட்டுக்கு இத்தனை நாளா வெளிய காட்டாம செஞ்சுட்டு இருந்திருக்கா. முடிஞ்சா 28வதை மட்டும் மறுபடி போட்டு பாருங்க.

சட்னி_சாமுராய்:
நீங்க ரெண்டு பேரும் தத்துவம் பேசுங்க. எனக்கு பத்தாவது எபிசோடு ஒண்ணு போதும். அவுரான்னு ஒருத்தி, யாருக்கு மானா அதிகமோ அவங்க மத்தவங்களை அடிமையாக்குற தராசை அம்பது தடவை தூக்கி காட்டி நான் 500 வருஷம் வாழ்ந்த டீமன்னு பீத்திக்குறா, நம்மாளு ஃப்ரீரென் மானாவை அமுக்கி வச்சுக்கிட்டு ஆயிரம் வருஷமா சும்மா நின்ன மாதிரி நிக்குது, தராசு அப்படியே இந்த பக்கம் சாயுது, அப்புறம் செத்துப்போன்னு ஒரே வரி ஆர்டர். வில்லிக்கு அவ்ளோதான் மரியாதை. தியேட்டர்ல போட்டிருந்தா விசில் பறந்திருக்கும்.

கனகா_அக்கா:
நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், திட்டாதீங்க தம்பிங்களா. எக்ஸாம்ல எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, டீமன்ங்களை எழுதின விதம்தான் உறுத்துச்சு. ஏழாவது எபிசோடுல ஒரு குட்டி டீமன் 'அம்மா'ன்னு கூப்பிடும், ஹிம்மெல் தடுத்துருவான், ஊர்த்தலைவர் தன் வீட்லயே வச்சு வளர்ப்பாரு, கடைசில அது அவரையே கொன்னுடும். ஏன் அம்மான்னு சொன்னேன்னு கேட்டா, சொன்னா நீங்க கொல்ல மாட்டீங்கல்லன்னு பதில் வரும். சீனா பாத்தா பிரமாதம், முதுகெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ஆனா ஒரு இனமே பேசுறது பூரா பொய், பாவம் பாத்தா செத்தேன்னு கதை அடிச்சு சொல்லும்போது, மனுஷங்களை புரிஞ்சுக்குறதுதான் கதைன்னு சொல்ற சீரிஸ்ல இது இடிக்குதே. அது மிருகம் மாதிரி, பேசத்தெரிஞ்ச மிருகம், அவ்ளோதான்னு என் பையன் வாதாடுறான். எனக்கு அது பத்தல.

அப்புறம் மூணாவது எபிசோடுல வர்ற க்வால் பத்தி யாருமே பேசலையே! 80 வருஷம் சீல் பண்ணி வச்சிருந்த டீமன் எழுந்து வந்து தன்னோட கொலை மந்திரத்தை விடுறான், ஃப்ரீரெனோட சிஷ்யை, இந்த சின்ன பொண்ணு ஃபெர்ன் அசால்ட்டா தடுக்குது. அந்த 80 வருஷத்துல மனுஷங்க அதை நோண்டி நோண்டி படிச்சு தடுப்பும் கண்டுபிடிச்சு, இப்ப எல்லாரும் கத்துக்குற சாதாரண தாக்குதல் மந்திரமா ஆக்கிட்டாங்க. மனுஷங்க சட்டுனு சாகுறாங்கதான், ஆனா சட்டுனு கத்துக்குறாங்களேன்னு ஒரு சண்டைக்குள்ளயே சொல்லிட்டாங்க. ஸெரியேவை விட எனக்கு இந்த சீன்தான்.

அரைத்தூக்கம்:
@மிமிக்_பொட்டி டென்கென் ஓகே, ஒத்துக்கறேன், அவரு மாஸ்தான். ஸெரியே பாயிண்டும் சரி. ஆனா அதுக்காக ஃப்ரீரென், ஃபெர்ன்கூட பயணம் போற ஸ்டார்க்கை ஓரங்கட்டினதை மன்னிக்க முடியாது. அவன் வாரியர், மந்திரவாதி எக்ஸாம்ல அவனுக்கு என்ன வேலை, ஊர்ல தின்னுட்டு திரியுறான். 12வதுல அவன் பிறந்தநாளுக்கு அந்த பெரிய ஹாம்பர்க் ஸ்டேக், உயிரோட இருந்தப்போ அண்ணன் அவனை எவ்ளோ மதிச்சான்னு தெரியுற இடம், 14ல ஃபெர்ன்கூட பிரேஸ்லெட் சண்டை, அதே எபிசோடுல ஃபிளாஷ்பேக்ல ஹிம்மெல் மண்டி போட்டு ஃப்ரீரெனுக்கு மோதிரம் போட்டுவிடுறது, இப்படி மூணு பேரையும் ஒண்ணா வச்சு நல்லா போயிட்டிருந்தப்போ பதினோரு எபிசோடு அவனை காணோம். இதுக்கு என்ன சொல்றீங்க.

@கனகா_அக்கா உங்க பையன் பக்கம்தான் நான், ஸாரி அக்கா.

மிமிக்_பொட்டி:
ஸ்டார்க் விஷயத்துல எங்கிட்ட பதில் இல்ல ப்ரோ, நியாயமான கோவம்.

பழைய_டிவிடி:
கேள்வியோட ரெண்டாவது பாதிக்கு ஒருத்தரும் பதில் சொல்லாததால நான் வரேன். இதே டோன் வேணும்னா முஷிஷி. 2005ல வந்தது, 26 எபிசோடு, ஒவ்வொண்ணும் தனிக்கதை, கின்கோன்னு ஒரு ஆள் ஊர் ஊரா நடந்து போவான், எங்கயும் தங்க மாட்டான். சண்டைன்னு ஒண்ணு கிடையாது. ஒரே மூச்சுல பாக்காதீங்க, ராத்திரி ஒண்ணு போட்டுட்டு படுத்துருங்க.

மியூசிக்குக்காக ஃப்ரீரென் பிடிச்சிருந்தா வயலட் எவர்கார்டன், ரெண்டுக்கும் மியூசிக் இவான் கால்தான். ஆனா அதுல அழ வைக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு எடுத்த மாதிரி எனக்கு தோணும், ஃப்ரீரென்ல அந்த வம்பு இல்ல.

மூணாவதா டன்ஜன் மேஷி. டன்ஜனுக்குள்ள மான்ஸ்டரை சமைச்சு சாப்பிடுற காமெடின்னு நினைச்சுதான் எல்லாரும் உள்ள போவாங்க, ஆனா மார்சில்னு பாதி எல்ஃப் பொண்ணு ஒண்ணு இருக்கு, கூட இருக்குறவங்க எல்லாம் நமக்கு முன்னாடி போயிடுவாங்கன்னு ஒரு பயம் அதுக்கு. அதோட கெட்ட கனவுக்குள்ள அவங்க கூட்டத்து தலைவன் லையோஸ் நுழையுற எபிசோடை பாருங்க. ஃப்ரீரென் சாவுக்கு அப்புறம் வருத்தப்படுது, மார்சில் சாவுக்கு முன்னாடியே நடுங்குது.

சட்னி_சாமுராய்:
இன்னொரு மேட்டர் கேளுங்க, ஃப்ரீரெனுக்கு ஜப்பானிய குரல் தனேஸாகி அட்சுமி, ஸ்பை ஃபேமிலில அன்யாவுக்கும் அவங்கதான். ஹிம்மெலுக்கு பேசுனது ஒகமோட்டோ, மை ஹீரோ அகாடமியா அனிமேல தொண்டை கிழிய கத்துற பாகுகோவுக்கும் அவர்தான்.

அரைத்தூக்கம்:
பாகுகோவா??? டேய் அந்த மோதிரம் சீன் கெட்டுச்சு போ. @பழைய_டிவிடி அண்ணே முஷிஷில இருந்து ஆரம்பிக்கறேன்.