வெள்ளவத்தை வீட்டுக் குழு: பெலிஹுல் ஓயாவுக்குப் பைக்கில் சாமான் ஏற்றுவது

கஜன்: மாமா, பௌர்ணமிப் போயா லீவுக்கு நானும் பிரவீனும் பலாங்கொடைக்கு அப்பால் மலைப் பக்கம் இருக்கிற பெலிஹுல் ஓயா போகிறோம். ஓர் இரவு டென்ட் அடித்துத் தங்கிவிட்டு அடுத்த நாள் திரும்புவதுதான் பிளான். என்னுடைய 150 சிசி பைக்கில்தான். சாமான் எல்லாவற்றையும் ஹோலில் பரப்பி வைத்திருக்கிறேன், படம் போடுகிறேன். எப்படிக் கட்டினால் நல்லது?

கஜன்: 📷 படம்

வசந்தி: நாதன், வீட்டில் நடக்க இடமில்லை. இவ்வளவும் ஒரு பைக்கில் போகுமா? அதுவும் பிரவீனையும் பின்னால் இருத்திக்கொண்டு.

நாதன்: அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. கட்டுகிற கதை பிறகு. கஜன், முதலில் எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ என்று நிறுத்துச் சொல்.

கஜன்: நிறுக்கத் தராசு இல்லையே மாமா.

தர்சினி: அம்மாவின் அறையில் உடம்பு நிறை பார்க்கிற தராசு இருக்கிறது தம்பி. பையைத் தூக்கிக்கொண்டு ஏறு, பிறகு பையில்லாமல் ஏறு, கழித்துப் பார்.

கஜன்: 38 கிலோ வருகிறது. நான் 64. பிரவீன் எத்தனை?

பிரவீன்: 61.

நாதன்: பைக்கோடு தந்த புத்தகத்தில் கடைசிப் பக்கங்களைப் பார். அதிகபட்சச் சுமை என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், சாமான் மூன்றும் சேர்த்து.

கஜன்: 150 கிலோ என்று இருக்கிறது.

நாதன்: சரி, நீங்கள் இரண்டு பேரும் 125. ஹெல்மெட், சப்பாத்து, ஜாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு 5 வை. 130 போய்விட்டது. மிச்சம் 20 கிலோதான். நீ 38 ஏற்றப் பார்க்கிறாய். எஞ்சின் இழுக்கும், அது பிரச்சினை இல்லை. பிரேக் பிடித்தால் நிற்க வேண்டுமே, பலாங்கொடைக்குப் பிறகு வளைவுக்கு மேல் வளைவு, அங்கே பின்பக்கம் பாரமாகி முன் சக்கரம் லேசாக இருந்தால் ஹேண்டில் நீ சொன்னபடி கேட்காது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். 20 கிலோவுக்குள் கொண்டுவா, இல்லையென்றால் பிரவீன் டென்டையும் தூக்கிக்கொண்டு புறக்கோட்டையில் 99 பதுளை பஸ் ஏறட்டும், அது பெலிஹுல் ஓயா வழியாகத்தான் போகிறது.

பிரவீன்: அப்பா, நான் பைக்கில்தான் வருவேன். சாமானைக் குறைக்கலாம்.

சிவா: மாமா சொல்வது முழுக்கச் சரி. கஜன், படத்தைப் பார்த்தேன். 5 லீட்டர் தண்ணீர் போத்தல் இரண்டு நிற்கிறது, அதுவே 10 கிலோ. வெள்ளவத்தையிலிருந்து 160 கிலோமீட்டர் தண்ணீர் சுமக்க வேண்டாம், பலாங்கொடையில் வாங்கு, வழியில் குடிக்க ஆளுக்கு ஒரு லீட்டர் காணும். மடக்குக் கதிரை இரண்டையும் வெளியே எடுத்து வை. கரியும் பாபிகியூ தட்டும் வேண்டாம், கேஸ் அடுப்பு இருக்கும்போது அது தேவையில்லை, தீ மூட்ட இடத்துக்காரர் விடுவாரோ தெரியாது. இந்த மூன்றிலேயே 20 கிலோ குறையும்.

பிரவீன்: கதிரை இல்லாமல் எங்கே உட்காருவது அத்தான்?

சிவா: பாயில். ஆற்றுப் பக்கம் பாறைக்கும் குறைவில்லை 😊

வசந்தி: அந்தத் தடித்த போர்வையைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லாதீர்கள் தம்பி, குளிரும்.

சிவா: மாமி, அது ஹோர்டன் சமவெளி என்றால் நானே கொண்டுபோகச் சொல்வேன், அங்கே 2,000 மீட்டருக்கு மேல். பெலிஹுல் ஓயா அவ்வளவு உயரம் இல்லை. இரவில் குளிர்ந்த காற்று வரும், ஒரு மெல்லிய போர்வையும் நீளக்கைச் சட்டையும் காணும். அந்தத் தடித்த போர்வை நனைந்தால் காய்வதற்கு இரண்டு நாள் எடுக்கும், பாரமும் கூடும்.

தர்சினி: தம்பி, உடுப்பு எத்தனை சோடி வைத்திருக்கிறாய்? ஓர் இரவுதானே. போட்டிருப்பது ஒன்று, மாற்ற ஒன்று, தூங்க ஒன்று. சொக்ஸ் மட்டும் கூட வை.

கஜன்: சரி அக்கா. திரும்ப நிறுக்கிறேன்.

கஜன்: 16 கிலோ.

நாதன்: அப்படி வா. இனிக் கட்டுகிற கதையைப் பேசலாம்.

நாதன்: பாரமானது எல்லாம் கீழே, நடுவே. அதாவது இரண்டு சக்கரத்துக்கும் இடையில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. அடுப்பு, கேஸ், சட்டி, டின், டூல்ஸ், பம்ப் இதெல்லாம் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகளில் அடியில் போக வேண்டும், அதிலும் பின்னால் இருப்பவரின் கால் பக்கமாகத் தள்ளி. சீற்றுக்குப் பின்னால் இருக்கிற கரியரில் பாரம் வைக்கவே கூடாது. அது பின் அச்சுக்கும் பின்னால் நிற்கிறது, அங்கே வைக்கிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை மேலே தூக்கப் பார்க்கும். அங்கே பாய், போர்வை, டென்ட் துணி மாதிரி பெரிதாக இருந்தாலும் லேசானது மட்டும். டென்ட் கம்பிகளைத் துணியிலிருந்து பிரித்து எடுத்துப் பக்கப் பையோடு நீளவாக்கில் கட்டு, குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும், நுகேகொடை ட்ராஃபிக்கில் பஸ்ஸில் கொளுவும்.

நாதன்: அப்புறம் சைலென்சர். உன்னுடையது வலப்பக்கம். நைலோன் பை அதில் தொட்டால் உருகும், பை ஓட்டையாகிச் சாமான் வழியில் விழுந்த பைக்குகளை ரத்தினபுரி ரோட்டில் கண்டிருக்கிறேன். வலப்பக்கப் பை உள்ளுக்குச் சாயாமல் ஒரு கம்பித் தட்டுப் போட வேண்டும். கேஸ் டின் இடப்பக்கம்தான், வேறு கதையே இல்லை.

கஜன்: அப்படியென்றால் இடப்பக்கம் பாரம் கூடிவிடாதா மாமா?

நாதன்: அதற்குத்தான் டூல்ஸையும் பம்பையும் வலப்பக்கம் வைக்கச் சொல்வது. தராசு வைத்திருக்கிறாயே, இரண்டு பையையும் தனித்தனியே நிறு. அரைக் கிலோ முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வசந்தி: ஒரு பையைக் கஜனுக்கும் பிரவீனுக்கும் நடுவில் வைத்தால் விழாது அல்லவா? நாங்கள் கோயிலுக்குப் போகும்போது அப்படித்தானே வைப்போம்.

நாதன்: கோயிலுக்குப் பரவாயில்லை அக்கா, நாலு கிலோமீட்டர். நடுவில் பை வைத்தால் பிரவீன் பின்னால் தள்ளி உட்கார வேண்டிவரும். 61 கிலோ அப்படியே பின் அச்சுக்கு மேல் போய்விடும். பைக்கில் இருக்கிற பெரிய பாரமே அவன்தான், அவன் கஜனோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

பிரவீன்: முதுகில் ஒரு பை போடலாமா அப்பா?

நாதன்: சின்னது போடு. ரெயின் கோட், தண்ணீர், ஃபோன் சார்ஜர், அவ்வளவுதான். பட்டியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் பையின் அடி கரியரில் தங்கும், தோள் பிடிக்காது.

சிவா: மழைக்கு என்ன செய்திருக்கிறாய் கஜன்? பையோடு வருகிற மழை உறையை நம்பாதே, ஓடும்போது காற்று அதைத் தூக்கிவிடும். உள்ளுக்குள்ளே தடித்த கறுப்புக் குப்பைப் பை போட்டு அதற்குள் உடுப்பை வை, காற்றை அமத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து ரப்பர் போடு. ரத்தினபுரிப் பக்கம் எந்த மாதத்திலும் மழை வரும். எதை முதலில் எடுப்பாயோ அதைக் கடைசியில் கட்டு. மழையில் போய் இறங்கினால் முதலில் வேண்டியது டென்ட், அது போர்வைக்குக் கீழே இருக்கக் கூடாது.

கஜன்: கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிறு நாலு வாங்கி வைத்திருக்கிறேன்.

நாதன்: அதை மட்டும் நம்பிப் போகாதே. ரப்பர் இழுபடும், குழியில் விழுந்து எழும்பும்போது சாமானும் சேர்ந்து துள்ளும், ஒவ்வொரு துள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். கொக்கி கழன்றால் கண்ணில்தான் வந்து அடிக்கும், கட்டும்போது முகத்தைத் தள்ளி வை. பஞ்சிகாவத்தை பைக் சாமான் கடைகளில் பக்கிள் வைத்த நைலோன் பட்டி கேள், இழுத்தால் இறுகி அப்படியே நிற்கிற வகை. இரண்டு பட்டி குறுக்கே, ஒன்று நீளவாக்கில். ரப்பர் கயிறை மேலே ரெயின் கோட் செருக வைத்துக்கொள். பட்டியைப் பைக்கின் சட்டத்தில் கட்டு, இண்டிகேட்டரிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டாதே.

நாதன்: முக்கியமான ஒன்று. இறுக்கிய பிறகு மிஞ்சுகிற பட்டி வால் தொங்கிக்கொண்டிருக்கும், அதைச் சுருட்டி உள்ளே செருகி முடிச்சுப் போட வேண்டும். அது செயினிலோ சக்கரத்திலோ சுற்றினால் பின் சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிவிடும். பிரவீன், ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இறங்கிப் பார்ப்பது உன் வேலை.

பிரவீன்: சரி அப்பா, பார்க்கிறேன்.

தர்சினி: பின் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையாமல் இருக்கட்டும். பொலிஸ் மறிக்கும் என்பதற்காக மட்டும் இல்லை, மழைக்குள் பின்னால் வருகிற லொறிக்காரருக்கு உங்கள் பிரேக் லைட் தெரிய வேண்டும்.

வசந்தி: ஒரு போத்தலில் பெற்றோலும் கொண்டுபோகச் சொல்லவா? மலைப் பக்கம் ஷெட் இருக்குமோ தெரியாது.

கஜன்: அம்மா, டாங்க் 13 லீட்டர். லீட்டருக்கு 40 கிலோமீட்டர் குறையாமல் ஓடும். போய்வர 320 தானே, நிரப்பிக்கொண்டு போனால் திரும்பி வரக் காணும். அவிசாவளை, ரத்தினபுரி, பலாங்கொடை எல்லாம் டவுன், ஷெட் இருக்கிறது.

நாதன்: பெற்றோல் போத்தல் வேண்டவே வேண்டாம் அக்கா. கேஸும் பெற்றோலும் ஒரே பைக்கில் ஆபத்து.

தர்சினி: மருந்துப் பை நான் கட்டித் தருகிறேன். பிளாஸ்டர், பஞ்சு, டெட்டோல், பரசிட்டமோல், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் இரண்டு பக்கெட். அதைப் பையின் அடியில் போடாமல் கைக்கு எட்டுகிற இடத்தில் வை தம்பி. அட்டை கடித்தால் பிய்க்காமல் நகத்தால் வாய்ப் பக்கத்தை மெல்ல நெம்பி எடு, பிறகு சோப் போட்டுக் கழுவு.

வசந்தி: ஆற்றுப் பக்கத்தில் படுக்க வேண்டாம், பயமாக இருக்கிறது.

சிவா: மாமி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஆறு ஹோர்டன் சமவெளியிலிருந்து இறங்கி வருகிறது கஜன். நீங்கள் நிற்கிற இடத்தில் வானம் வெளித்திருக்கும், மேலே மழை கொட்டினால் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். மணல் திட்டிலோ ஆற்றோரப் பாறையிலோ டென்ட் அடிக்காதே. கரையில் சருகும் குச்சியும் ஒதுங்கிக் கிடக்கிற கோடு தெரியும், தண்ணீர் வந்துபோன மட்டம் அது. அதற்கு நன்றாக மேலே, இடத்துக்காரர் காட்டுகிற இடத்தில் அடி.

கஜன்: கட்டாயம் அத்தான்.

நாதன்: வியாழன் பின்னேரம் முழுச் சாமானையும் கட்டிக்கொண்டு இங்கே தெஹிவளைக்கு வா. பிரவீனையும் ஏற்றி மரைன் டிரைவில் கொள்ளுப்பிட்டி வரை ஓடிப் பார்ப்போம், பிரேக்கும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஹைவேயில் பைக் விடமாட்டார்கள், ஆகவே ஹைலெவல் ரோடால் மகரகம, ஹோமாகம, அவிசாவளை என்று முழுத் தூரமும் ட்ராஃபிக்குக்குள்தான் போக வேண்டும். வாகனங்களுக்கு நடுவில் சாமான் ஆடினால் தாங்காது.

*வியாழன் இரவு*

கஜன்: மாமாவோடு ஓடிப் பார்த்துவிட்டு வந்தோம். அம்மாவின் புட்டும் சம்பலும் சேர்த்து 18 கிலோவில் நிற்கிறது. இரண்டு பேரும் ஏறியதும் பின்பக்கம் நன்றாக அமிழ்ந்தது, மாமா சீற்றுக்கு அடியில் இருக்கிற வளைந்த ஸ்பானரால் பின்பக்க ஷொக் அப்சோபர் இரண்டின் ஸ்பிரிங்கையும் இரண்டு பல் இறுக்கிவிட்டார். அதற்குப் பிறகு ஹெட்லைட் எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கிறது என்று பிரவீன் சொன்னான், அதையும் கொஞ்சம் தாழ்த்தினோம்.

நாதன்: ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியபோது டாங்க் மேல் வைத்த பை ஹோர்ன் பட்டனில் முட்டியது. அந்தப் பையில் இருந்த பாதிச் சாமானை இடப்பக்கம் மாற்றியாகிவிட்டது. செயினையும் ஆள் ஏறி இருக்கும்போது பார்த்தேன், தளர்வு சரி.

வசந்தி: இப்போது உனக்குத் திருப்தியா நாதன்?

நாதன்: திருப்தி அக்கா. பிரேக் நேராகப் பிடிக்கிறது, ஹேண்டிலில் ஆட்டம் இல்லை. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பட்டும்.

நாதன்: கஜன், காற்று அடிப்பதை மறக்காதே. உன் செயின் கவர் ஸ்டிக்கரில் பின் டயருக்கு ஓர் ஆள் மட்டும் போனால் 28 psi, இரண்டு பேருக்கு 32 என்று இருக்கிறது, 32 வை. டயர் சூடாக முன், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஷெட்டிலேயே அடி. ஹோமாகமயில் நிறுத்திப் பட்டி எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை இறுக்கு, முதல் இருபது கிலோமீட்டரில்தான் சாமான் அமர்ந்து பட்டி தளரும். இறங்கி நிறுத்தும்போது சைட் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைக் கல் வை, ஈரமண்ணில் புதைந்து பைக் சாயும்.

கஜன்: சரி மாமா. ஹோமாகமயில் நிறுத்தியதும் படம் போடுகிறேன்.

தர்சினி: ரத்தினபுரியிலும் ஒரு மெசேஜ் போடு, பெலிஹுல் ஓயாவில் சிக்னல் இல்லையென்றால் அம்மா தூங்கமாட்டா.

பிரவீன்: நான் போடுகிறேன் மச்சாள். பின்னால் இருப்பவன் நான்தானே, ஒவ்வொரு இடத்திலும் பட்டியைப் பார்த்துவிட்டு மெசேஜ் போடுவேன்.