துணிக்கு இயற்பியல் எதற்கு, கண்ணுக்குச் சரியாக இருந்தால் போதாதா?

பாலிகான் பாண்டி:
கணினியில் துணியை அசைய வைப்பதற்காக அனிமேஷன் படிக்கிற பிள்ளைகளை வகைக்கெழுச் சமன்பாட்டில் போட்டு வறுத்தெடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முல்லர் குழுவினர் 2006இல் புள்ளிகளின் இடத்தையே நேராகத் திருத்தும் பொசிஷன் பேஸ்டு டைனமிக்ஸைக் கொண்டுவந்த பிறகு விசை, முடுக்கம் என்று மல்லுக்கட்டுவானேன்? கணினியில் துணி என்பது புள்ளிகளின் வலை. இரண்டு புள்ளிக்கு நடுவே தூரம் கூடிவிட்டதா, இழுத்து இடத்தில் வை. அவ்வளவுதான். கேம்களில் கொடி பறப்பதற்கு இது தாராளமாகப் போதும்.

வகைக்கெழு:
இழுத்து வைப்பது சரி, எத்தனை தடவை? அந்தப் பழைய முறையில் இட்டரேஷனை, அதாவது இழுத்து வைக்கும் சுற்றை, 5இலிருந்து 50 ஆக்கிப் பாருங்கள், ஜார்ஜெட் ரெக்சினாகிவிடும். கணக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் முன்னே நகர்கிறது என்ற டைம்ஸ்டெப்பை மாற்றினாலும் இதே கூத்துதான். துணியின் விறைப்பைத் துணி முடிவு செய்ய வேண்டுமா, கணக்குப் போடும் சால்வர் எத்தனை சுற்று ஓடியது என்பதா? 2016இல் அதன் திருத்திய வடிவமான எக்ஸ்பிபிடி வந்துதான் இது தீர்ந்தது. பொருள் எவ்வளவு இளகிக் கொடுக்கும் என்ற அளவை அதில் சேர்த்தார்கள். நீங்கள் வெளியே அனுப்பிய இயற்பியல்தான் அது.

பாலிகான் பாண்டி:
உங்கள் விசைக் கணக்கு மட்டும் ரொம்ப யோக்கியமோ? இப்போதைய விசையை வைத்தே அடுத்த நிலையைக் கணக்கிடும் எக்ஸ்ப்ளிசிட் முறையில், புள்ளிகளை இணைக்கும் ஸ்பிரிங்கை 4 மடங்கு விறைப்பாக்கினால் டைம்ஸ்டெப்பைப் பாதியாக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி வெடித்துச் சிதறும். அதற்காகத்தானே 1998இல் பாராஃபும் விட்கினும், அடுத்த நிலையில் இருக்கப்போகும் விசையை வைத்துக் கணக்கிடும் இம்ப்ளிசிட் முறைக்குப் போனார்கள்? வெடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டெப் பெரிதாகப் பெரிதாக, யாரும் கேட்காத டேம்பிங் தானாக வந்து ஆட்டத்தை அமுக்கிவிடும். புகையும் அப்படித்தான். 1999இல் ஸ்டாம் தந்த முறை எவ்வளவு பெரிய ஸ்டெப்பையும் தாங்கும், ஆனால் சின்னச் சின்னச் சுழல்களெல்லாம் மங்கிப்போகும். 2001இல் ஃபெட்கிவ், ஸ்டாம், ஜென்சன் மூவரும் சுழலை மீட்கத் தனியாக ஒரு விசையை ஊட்ட வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் உண்மையா?

ராத்திரி ரெண்டர்:
இரண்டு பேரும் அனிமேட்டரை மறந்துவிட்டீர்கள். எங்கள் கதாநாயகி 3 ஃபிரேமில் திரும்புவாள், நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் அது நொடியில் எட்டில் ஒரு பங்கு. அந்த வேகத்துக்கு அச்சு அசலாக இயற்பியலை ஓட்டினால் முந்தானை முகத்தில் அறையும். 2012இல் பிக்ஸார் ‘பிரேவ்’ படத்தில் மெரிடாவின் சுருள்முடிக்கு என்ன செய்தது? சுருள் நீண்டு தொங்காமலும் கம்பியாக விறைக்காமலும் இருக்க, நிஜ முடியில் இல்லாத ஒரு ஸ்பிரிங்கை நடுவே ஓடவிட்டது.

வகைக்கெழு:
அந்த ஸ்பிரிங்கைச் சேர்த்தவர்களுக்கு எந்த விதியை எதற்காக மீறுகிறோம் என்று தெரிந்திருந்தது, வித்தியாசம் அங்கேதான். 2013இல் டிஸ்னி ‘ஃப்ரோஸன்’ பனிக்கு எழுதிய, துகள்களையும் கட்ட வலையையும் சேர்த்துக் கணக்கிடும் மெட்டீரியல் பாயின்ட் முறையையும் பாருங்கள். எவ்வளவு அமுங்கினால் உடையும், எவ்வளவு இழுத்தால் பிய்யும், இறுகினால் எவ்வளவு கெட்டிப்படும் என்பதையெல்லாம் கலைஞரே திருகலாம். ஒவ்வொரு திருகுக்கும் பொருள் உண்டு.

பாலிகான் பாண்டி:
சரி, ஸ்டெப்பைக் குட்டிக் குட்டி சப்ஸ்டெப்பாக உடைப்பதைப் பற்றிய 2019 கட்டுரைக்கு வருவோம். ஒரே ஸ்டெப்பில் 20 இட்டரேஷன் ஓட்டுவதைவிட, 20 சப்ஸ்டெப்பாக உடைத்து ஒவ்வொன்றிலும் ஒரே இட்டரேஷன் ஓட்டினால் விறைப்பும் நன்றாக வருகிறது, டேம்பிங்கும் குறைகிறது. எளிய முறைதான் ஜெயித்தது.

வகைக்கெழு:
ஏன் ஜெயித்தது என்றும் சொல்லுங்களேன். விசையால் வரும் நகர்வு டைம்ஸ்டெப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்டெப்பைப் பாதியாக்கினால் அந்த நகர்வு காலாகிவிடும், சால்வர் திருத்த வேண்டியதும் அந்த அளவுக்குக் குறையும். வறுத்தெடுக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன வகுப்பில் சொல்லித்தருகிற சங்கதி இது.

ராத்திரி ரெண்டர்:
அதெல்லாம் இருக்கட்டும். கை மடங்கும்போது கையின் மெஷ், அதாவது கையின் கணினி உருவம், உடம்புக்குள் புகுந்து, அக்குளில் துணி மாட்டிக்கொள்கிறதே, அதற்கு யாரிடம் மருந்து இருக்கிறது? திங்கட்கிழமை ஷாட் கொடுக்க வேண்டும்.

வகைக்கெழு:
உடம்பே உடம்புக்குள் புகுந்த பிறகு இயற்பியலிடம் விடை கிடையாது. 2003இல் பாராஃப், விட்கின், காஸ் எழுதிய கட்டுரை இதற்காகவே வந்தது, தேடிப் படியுங்கள். அதுவரை அந்த இடத்துத் துணியின் வெர்டெக்ஸ்களை, அதாவது புள்ளிகளை, நகராமல் பின் செய்து, கை பிரிந்ததும் மெல்ல விடுவியுங்கள்.

பாலிகான் பாண்டி:
ஆக, கையால் ஒட்டுப்போடச் சொல்கிறீர்கள்!