அப்பா வருவதற்குள் தொட்டி தெளிய வேண்டும்

குழு: அப்பாவுக்குத் தெரியாத குழு

வியாழன், காலை 6:50

சரவணன்: (புகைப்படம்)

சரவணன்: நேற்று மீன் தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றினேன். இன்று பார்த்தால் மறுபடியும் பச்சை

கலா: ஐயோ, மீனே தெரியவில்லையே

கலா: ஞாயிறு காலை அப்பாவைக் கூட்டி வருகிறோம், ஞாபகம் இருக்கிறதா

சரவணன்: அதனால்தான் அனுப்பினேன்

அம்மா: வெள்ளைச்சி இருக்கிறாளா

நித்யா: இருக்கிறாள் அத்தை. கண்ணாடி ஓரம் வரும்போது தெரிகிறாள்

முரளி மாமா: விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது?

சரவணன்: காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை மாமா. பிள்ளைகள் பார்க்கிறார்கள்

முரளி மாமா: தீனி?

நித்யா: மூன்று வேளை. சில நாள் பிள்ளைகள் நடுவிலும் போட்டுவிடுகிறார்கள்

முரளி மாமா: செடியெல்லாம் எங்கே? வலது பக்கம் காடு மாதிரி இருக்குமே

சரவணன்: அடி இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று பிடுங்கிவிட்டேன். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவினேன்

கலா: அப்பா அந்தச் செடிகளை எத்தனை வருடமாக வைத்திருந்தார்

சரவணன்: அக்கா, ஆறு வாரமாக நான்தான் பார்க்கிறேன்

கலா: ஆறு வாரமாக அப்பாவை யார் பார்க்கிறார்களாம்

அம்மா: காலையிலேயே ஆரம்பிக்க வேண்டாம்

முரளி மாமா: சரவணா, நிதானமாகப் படி. பாசியை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறாய், தண்ணீர் மாற்றுகிறாய். அது அழுக்கு இல்லை, அதுவும் செடி மாதிரி வளர்கிற உயிர். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும், செடி அதை எடுத்துக்கொள்ளும். உன் தொட்டியில் தீனி கூடிவிட்டது, எடுத்துக்கொள்ள செடி இல்லை, குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் பாக்டீரியாவில் பெரும்பகுதியைக் கொன்றிருக்கும், அதற்கு மேல் பதினைந்து மணி நேர வெளிச்சம். பச்சைத் தண்ணீர் என்பது மிதக்கிற நுண்பாசி. இப்படி ஓர் இடம் கிடைத்தால் அது ஏன் வளராது? பாதித் தண்ணீரை மாற்றினாலும் மீதி பாதியிலிருந்து ஓரிரு நாளில் பெருகிவிடும்.

நித்யா: பிள்ளைகளுக்கு நான் சொல்லிவிடுகிறேன் மாமா

கலா: அப்பாவுக்குக் கட்டில் எங்கே போடப் போகிறீர்கள்? மாடி ஏற முடியாது

நித்யா: தொட்டி இருக்கிற அறையில் போடலாமா என்று யோசித்தோம். ஆனால் அங்கிருந்து பாத்ரூம் தூரம்

கலா: வாக்கர் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமா

முரளி மாமா: அந்த அறை ஜன்னல் வெயில் தொட்டி மேல் விழுகிறதா?

சரவணன்: காலையில் ஒரு மணி நேரம் விழும்

முரளி மாமா: திரை போடு முதலில். டெஸ்ட் கிட்டில் பார்த்து அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் சொல்

வியாழன், மாலை 5:30

சரவணன்: அம்மோனியா 0.5, நைட்ரேட் 5, பாஸ்பேட் 2. எல்லாம் பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு மில்லிகிராம்

கலா: நைட்ரேட் குறைவாகத்தானே இருக்கிறது. அப்புறம் ஏன் பாசி?

முரளி மாமா: எல்லோரும் இங்கேதான் தடுமாறுகிறோம் கலா. நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்தையே இல்லாமல் செய்தால் பாசி பட்டினியில் சாகும் என்று நானும் நம்பி, முழுக்க உப்பெல்லாம் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீராக மாற்றிப் பார்த்திருக்கிறேன். முதலில் செத்தது செடிதான். பாசிக்கு மிகக் கொஞ்சம் போதும், பட்டினியைச் செடியை விட நன்றாகத் தாங்கும். நைட்ரேட் ஒன்றுமே இல்லாமல் போனால் நீலப்பச்சைக் கொழகொழப்பு வேறு படரும், அது பாசிகூட இல்லை, ஒரு பாக்டீரியா. லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் பயிர்களைப் பற்றிச் சொன்னது தொட்டிக்கும் பொருந்தும்: எந்தச் சத்து மிகக் குறைவோ அதுதான் வளர்ச்சியை நிறுத்தும், மற்றது எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. சரவணா, உன் செடிக்கு நைட்ரேட் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன், அதனால்தான் பழைய இலையிலிருந்து சத்தை உருவிப் புது இலைக்குக் கொடுத்திருக்கிறது, அடி இலை மஞ்சளானது அப்படித்தான். செடி நின்றால் பாஸ்பேட் அப்படியே மிஞ்சும்.

சரவணன்: அப்போது எவ்வளவு இருக்க வேண்டும்?

முரளி மாமா: செடித் தொட்டியில் நைட்ரேட் 10 முதல் 20, பாஸ்பேட் 1 முதல் 2 இருந்தால் எனக்கு நிம்மதி. ரெட்ஃபீல்டு என்பவர் கடல் மிதவை உயிர்களை ஆராய்ந்து, 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் என்று கண்டார், டெஸ்ட் கிட் கணக்கில் ஏறக்குறைய 10-க்கு 1. அதையே வேதமாகப் பிடித்துக்கொள்ளாதே, கடலுக்குச் சொன்ன கணக்கு அது, திசை காட்ட மட்டும் போதும். உன்னுடையது இரண்டரைக்கு 1.

கலா: மாமா, சுருக்கமாக இன்று என்ன செய்ய வேண்டும்

முரளி மாமா: அதற்குத்தான் வருகிறேன். அம்மோனியா மீனுக்கு நஞ்சு, அதனால் இப்போதே பாதித் தண்ணீர் மாற்று, குளோரின் நீக்கி ஊற்று. இரண்டு நாள் தீனி வேண்டாம், வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். அப்புறம் தடித்த போர்வையால் தொட்டியை மூடி மூன்று நாள் இருட்டில் வை. சாகிற பாசியும் அம்மோனியா விடும், அதனால் தினமும் டெஸ்ட் செய், ஏறினால் உடனே தண்ணீர் மாற்று. பாக்டீரியாவுக்கு என் ஃபில்டர் பஞ்சில் பாதியைத் தருகிறேன். செடியும் தருகிறேன், வேகமாக வளர்கிற வேலம்பாசி (பெயரில்தான் பாசி, அது நீர்ச்செடி), இருட்டு முடிந்ததும் நட வேண்டும். அம்மோனியா 0 ஆன பிறகுதான் பொட்டாசியம் நைட்ரேட், உன் 120 லிட்டருக்கு 2 கிராம் போட்டால் நைட்ரேட் சுமார் 10 பி.பி.எம். ஏறும். விளக்கு ஆறு மணி நேரம், டைமர் போடு.

சரவணன்: மூன்று நாள் என்றால் ஞாயிறு மாலை ஆகிவிடும். அப்பா காலையிலேயே வந்துவிடுவார்

கலா: போர்வை போர்த்திய தொட்டியையா பார்ப்பார்

நித்யா: சனிக்கிழமை இரவே எடுத்துவிடலாமா மாமா?

முரளி மாமா: எடுத்தால் பாதியில் விட்ட மாதிரி ஆகும்

வெள்ளி, காலை 9:10

சரவணன்: அம்மோனியா 0.25. மூடியிருக்கிறேன்

அம்மா: அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் கண்ணாடி இல்லாமல் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்

கலா: அம்மா!!

சரவணன்: கோபமா?

அம்மா: இல்லை. தீனியை நிறுத்தினானா என்று மட்டும் கேட்டார். நிறுத்திவிட்டான் என்றேன். கட்டிலை எங்கே வேண்டுமானாலும் போடட்டும், தொட்டி தெரிய வேண்டும் என்கிறார்

கலா: அப்போது அந்த அறைதான்

நித்யா: பாத்ரூம் தூரம் அக்கா

கலா: இரவில் யாராவது கூடப் படுத்துக்கொண்டால்?

சரவணன்: நான் படுக்கிறேன். எதற்கும் சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்

முரளி மாமா: அத்தானிடம் சொல் அக்கா, செடி திரும்ப வந்துவிடும், நாள் எடுக்கும். சரவணா, பஞ்சு எடுக்க எத்தனை மணிக்கு வருகிறாய்? வாளி கொண்டு வா, தொட்டித் தண்ணீரிலேயே நனைந்தபடி போக வேண்டும், வழியில் எங்கும் நிற்காதே